வியாகுல மாதாவின் மூன்றாவது கத்தி

1957

ஏப்ரல் 4, வியாழன்

காலையிலேயே வெயில். கடல்காற்று மதியத்துக்கு மேல்தான். அவர் சங்கு ஊதுவதற்கு முன்பே ஆலைக்குப் போய்விட்டார். சோறு கட்டிக் கொடுத்தேன். மோர் மறந்து போச்சு.

மடத்திலிருந்து ஆள். மடத்துத் தாயார் மேர் அஞ்ஞேஸ் கூப்பிட்டார்கள் என்று. போனேன். தபசு காலத்தில் கோயில் சுரூபங்களை மூடுகிற கத்தரிப்பூத் துணி முழுக்கக் கரப்பான் தின்ற ஓட்டை. ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிது வேண்டும். தையல் கூடத்துப் பெண்களுக்கு மேசைவிரிப்பு வேலை கழுத்து வரைக்கும். அதனால் நான். வேலை இருந்தால் மனசு அடங்கும் தெரேஸ் என்றார் மேர். அடங்குகிற மனசா இது. சரி என்றேன்.

என் பெண் ரோசு போனதிலிருந்து கோயிலில் நான் கடைசித் தூணோடு சரி. முன்னால் போனதில்லை. இன்றைக்குப் போக வேண்டியதாயிற்று. அளவெடுக்க வேண்டுமே.

டேப் இல்லை. ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு நூல். உயரத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு. இன்று எடுத்தது:

சூசையப்பர். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் பூங்கொம்பு. கொம்பு நீட்டிக்கொண்டு நிற்கிறது, துணி கூட வேண்டும்.
அந்தோணியார். புத்தகம், அதன் மேல் குழந்தை. இவருக்கும் குழந்தை.
செபஸ்தியார். உடம்பெல்லாம் அம்பு. திருகினால் கழன்று வருமாம்.
மிக்கேல் சம்மனசு. கையில் தராசு. தட்டு இரண்டும் காலி.
ஆரோக்கியநாதர். தொடையில் புண். நாய் வாயில் ரொட்டி.
லூசியம்மாள். தட்டில் இரண்டு கண்.

லூசியம்மாளை இத்தனை வருஷமும் தப்பாகவே நினைத்திருக்கிறேன். நான் பிறந்தது தவளக்குப்பம், அஞ்சலை என்று பேர். கல்யாணத்துக்காகத்தான் ஞானஸ்நானம். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கண் நோவு தீர்ந்தவர்கள் வெள்ளியில் கண் செய்து போடுவார்கள். அந்த மாதிரி வந்த காணிக்கையை இந்த அம்மாள் தட்டில் வாங்கிக்கொண்டு நிற்கிறாள் என்று இருந்தேன். கோயில்பிள்ளை இஞ்ஞாசி மாமாவிடம் சொன்னேன். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

"காணிக்கையா? அது அவ கண்ணும்மா. புடுங்கிட்டானுங்க."

"அப்ப மூஞ்சில இருக்கறது?"

"அது ஆண்டவர் குடுத்தது."

எந்தக் கண்ணால் பார்ப்பாள் என்று கேட்டேன். ரெண்டாலயும்தான் என்று போய்விட்டார். நூலைத் தட்டைச் சுற்றிப் பிடித்தேன். தட்டில் இருந்த கண் நூலைத்தான் பார்த்தது.

வியாகுல மாதா மட்டும் பாக்கி. இடது பக்கப் பீடம். நாளைக்கு.


ஏப்ரல் 5, வெள்ளி

கத்தரிக்காய்க் குழம்பு. அவருக்குப் பிடித்தது. பாதி மிச்சம் வைத்துவிட்டார்.

கோயிலுக்கு உச்சி வேளையில் போனேன், ஆள் இருக்காது என்று. இஞ்ஞாசி மாமா மட்டும் வாசல் படியில் தூக்கம்.

நேராக வி. மாதாவிடம் போகவில்லை. பெரிய பீடத்தில் நற்கருணைப் பெட்டிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தகட்டில் ஒரு பறவை, தன் நெஞ்சைத் தானே கொத்துகிறது, கீழே மூன்று குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு. நோய் பிடித்த கோழி என்று நினைத்ததுண்டு. மேர் ஒருமுறை உபதேசத்தில் சொன்னார்கள், அது குஞ்சுகளுக்குத் தன் ரத்தத்தைக் கொடுக்கிறது, சேசுநாதர் அப்படித்தான் என்று. அப்போது காதில் ஏறவில்லை. இன்றைக்கு ஏறிற்று. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் கொத்தியிருப்பேன். ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு போனேன்.

கறுப்பு அங்கி. நெஞ்சில் வெளியே தெரிகிற சிவப்பு இருதயம். அதில் விசிறி மாதிரி ஏழு கத்தி. நூலைத் தலைக்கு மேல் போட்டு இறக்கினேன். தலைமுடியில் நூல் மாட்டியது. விடுவிக்கப் போனேன்.

பட்டுநூல் முடி இல்லை. போன வருஷம் வரைக்கும் இருந்த செம்பட்டை முடியும் இல்லை. கறுப்பு. இடது காதுக்கு மேல் ஒரு கற்றை மட்டும் நெளி. எத்தனை எண்ணெய் வைத்தாலும் அடங்காத நெளி.

ரோசுவின் முடி.

நான்தான் கொடுத்தேன். ஐப்பசியில் காய்ச்சல் ஏறினபோது ஆஸ்பத்திரியில் முடியை ஒட்ட வெட்டச் சொன்னார்கள். வெட்டினதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி மாதா காலடியில் வைத்தேன். பிள்ளையை விட்டுடு, முடியை எடுத்துக்கோ என்றேன். எங்கள் ஊரில் முடி கொடுத்தால் அது போனதுதான். ஆற்றோடு போகும், இல்லை காற்றோடு. யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. இங்கே கொடுத்தால் தைத்துத் தலையில் வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

முடியை எடுத்துக்கொண்டாள். பிள்ளையை விடவில்லை.

எத்தனை நேரம் நின்றேனோ. இஞ்ஞாசி மாமா வந்து எழுப்புகிற மாதிரிக் கூப்பிட்டார். அளவு நூல் கையில் முடிச்சு முடிச்சாய்க் கிடந்தது. மறுபடி எடுத்தேன்.


ஏப்ரல் 6, சனி

தைத்து முடித்தேன். விரல் முழுக்க ஊதா. சாயத்துணி.

மாலை ஐந்து மணிக்கு மாட்டியாயிற்று. உறை மாதிரி மேலிருந்து போட்டு, முதுகுப் பக்கம் தையல் போட்டு மூடவேண்டும். வி. மாதாவுக்கு நானே. முடியைச் சீவி, இரண்டு தோளிலும் விரித்து விட்டேன். அப்புறம்தான் துணி. முதுகில் என் கைத்தையல், நெருக்கமாக.

கத்தி முனைகள் துணியைக் குத்திக்கொண்டு தெரிந்தன. ஒன்று மட்டும் ஆடிற்று. மூன்றாவது. கேட்டால் இஞ்ஞாசி மாமா சொல்கிறார், அது எந்த வருஷமும் நிக்காதும்மா, மெழுகு வச்சி ஒட்டுவேன், கழட்டிக் கழட்டி மாட்டினா எப்படி நிக்கும். யார் கழட்டுவது என்று கேட்டேன். மெழுகுத் திரி பொறுக்கப் போய்விட்டார்.

வீட்டில் அவரிடம் சொன்னேன், முடியைப் பார்த்தேன் என்று. தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வெளியே போய் பீடி.


ஏப்ரல் 7, ஞாயிறு

பூசை. கோயில் முழுக்க ஆள். சுற்றிலும் மூடினவர்கள் நிற்கிறார்கள். யார் யாரென்று தெரியாது, உயரம் மட்டும் தெரியும். சாவு வீட்டில் எடுப்பதற்கு முன் கிடத்தியிருப்பதை நிமிர்த்தி வைத்த மாதிரி. முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுகையை நிறுத்தவேயில்லை. தாய் வெளியே தூக்கிப் போனாள். வெளியே போனதும் நிறுத்திற்று.

ஏன் மூடுகிறோம் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார். யூதர்கள் சேசுநாதர் மேல் எறியக் கல்லெடுத்தார்களாம், அவர் ஒளிந்துகொண்டு கோயிலைவிட்டுப் போனாராம். அதற்காகத்தான். செத்ததற்காக இல்லை. ஒளிந்ததற்காக.

ரோசு ஒளிவாள். நெல் குதிருக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால். கூப்பிட்டால் வரமாட்டாள். தேடுவதை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தால்தான் வந்து முதுகைத் தொடுவாள்.

பூசை முடியும்போது வி. மாதாவின் துணி முகத்துப் பக்கம் உள்ளே போய் வெளியே வந்தது. மூச்சு மாதிரி. நான் மட்டும் பார்க்கவில்லை, பக்கத்திலிருந்த கிழவியும் சிலுவை போட்டுக்கொண்டாள். கடக்காத்து, கிழக்கு ஜன்னல் தொறந்துருக்கு என்றார் இஞ்ஞாசி மாமா. ஜன்னல் திறந்துதான் இருந்தது.


ஏப்ரல் 9, செவ்வாய்

சோடா உப்பு, நூல்கண்டு, மண்ணெண்ணெய்.

மடத்தில் மிச்சத் துணியைக் கொடுக்கப் போனேன். ஏழு கத்திக்கும் அர்த்தம் கேட்டேன். மேர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்கள். ஏழும் மாதாவின் துக்கம்:

1 கோயிலில் கிழவர் சொன்ன தீர்க்கதரிசனம்
2 எசிப்து தேசத்துக்கு ஓடினது
3 பிள்ளை காணாமல் போனது
4 சிலுவை வழியில் சந்தித்தது
5 சிலுவையில் சாவு
6 மடியில் வாங்கினது
7 அடக்கம்

மூன்றாவதை மறுபடி கேட்டேன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு, திருநாள் கூட்டத்தில் தவறிவிட்டது, மூன்று நாள் தேடி, தேவாலயத்துக்குள் கண்டுபிடித்தார்கள் என்றார் மேர். ரோசுவுக்குப் பன்னிரண்டு நடந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஏழில் அந்த ஒன்றுதான் பிடுங்கக் கூடிய கத்தி. அந்தத் துக்கத்தில் மட்டும்தான் பிள்ளை கிடைக்கிறது. மற்ற ஆறும் குத்தினது குத்தினதுதான். அதனால்தான் ஆடுகிறதோ. இதைச் சொன்னேன். மேர் என்னையே பார்த்தார்கள். செல்லரித்த மரம் தெரேஸ், அவ்வளவுதான் என்றார்கள். ஆனால் கண் கலங்கியிருந்தது.


ஏப்ரல் 11, வியாழன்

அக்கா வந்தாள், முதல் பஸ்ஸில். முருங்கைக்காய், வாழைப்பூ, ஒரு சீப்புப் பழம். என்னைப் பார்த்து, எலும்பாயிட்ட என்றாள்.

முடி விஷயம் சொன்னேன். பார்க்கணும் என்றாள். கூட்டிப் போனேன். மூடியிருக்கிறதே. துணியைக் குத்திக்கொண்டு தெரிகிற முனைகளை எட்டி நின்று பார்த்தாள். நான் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம்.

"நம்ம மாரியாத்தா கையில கத்தி இருக்குது. எவனாவது கிட்ட வரானா? இவ நெஞ்சுல குத்திக்கினு நிக்கிறா. அந்தக் கத்திய உருவி கையில குடுடி, அப்பறம் பாரு."

சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதம் ஆயிற்று சிரித்து. கோயில் என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது தணிந்து சொன்னாள், பொம்மை தலையில் பிள்ளை முடி இருந்தால் பிள்ளை அங்கேயே நிற்கும், வாங்கிக் கடலில் விட்டுவிடு அஞ்சல, அது போகட்டும் என்று. பஸ் போன பிறகும் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே நிற்குமா. நிற்கட்டுமே என்று ஒரு மனசு.


ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

தெருவெல்லாம் ஓலை. பிள்ளைகள் சிலுவை பின்னிக்கொண்டு. பக்கத்து வீட்டில் வருஷப்பிறப்புப் பாயசம், ஒரு கிண்ணம் வந்தது.

பூசைக்குப் பிறகு மதாம் செலின் என்னைத் தூண் ஓரம் கூப்பிட்டார். மாதா சபைத் தலைவி. புருஷனுக்குப் பட்டாளத்துப் பென்சன். நல்ல மனுஷிதான், ரோசு படுத்திருந்தபோது தினம் சூப் அனுப்பினவர். இன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"பெரிய வெள்ளி சுத்துப்பிரகாரத்துல மாசமா இருக்கிறவங்க மாதா முடியத் தொட்டுட்டுப் போறாங்க. அது பலிக்காத முடி தெரேஸ். எனக்கு ஒண்ணுமில்ல, ஊருக்காகச் சொல்றேன்."

மருமகளுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. அவள் முடியை நன்றிக்காகக் கொடுக்கிறார்கள். சுவாமியாரிடம் பேசியாயிற்று. இந்த வருஷச் சுற்றுப்பிரகாரம் வரை பழசு இருக்கும், சனிக்கிழமை மாற்றிவிடுவார்கள். பழசு என்னாகும் என்று கேட்டேன். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது, சனிக்கிழமை ராத்திரி கோயில் வாசலில் மூட்டுகிற பாஸ்கு நெருப்பில் போடுவார்கள்.

நெருப்பு என்றதும் என் முகம் எப்படிப் போயிற்றோ. மதாம் கையை விடவில்லை. எல்லாமே எரிஞ்சிடாதும்மா என்றார். ஆறுதலுக்கு இதையும் ஒரு பேச்சென்று சொல்வார்களா.


ஏப்ரல் 15, திங்கள்

அவரிடம் கேட்டேன். வாங்கிக்கொண்டு வந்துவிடட்டுமா.

"கொண்டாந்து? எங்க வப்ப?"

பெட்டியிலா, அரிசிப் பானையிலா. தினம் திறந்து பார்ப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"குடுத்தத திருப்பிக் கேட்டா அது நேர்ச்சையே இல்ல தெரேசு. கடனாயிரும்."

அதையும் சொல்லிவிட்டு, பெரிய மனுஷன் மாதிரி எழுந்து போனவர், கொல்லையில் நின்று அழுதார். தண்ணீர் இறைக்கிற சத்தத்தில் மறைக்கப் பார்த்தார். நானும் கேட்காத மாதிரி அரிசி களைந்தேன்.

வாங்கினால் மாதாவை ஏமாற்றினதாகும். விட்டால் நெருப்பு. கடலிலே விட என் கை வராது.


ஏப்ரல் 17, புதன்

எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

சாயங்காலம் சிலுவைப் பாதை. பன்னிரண்டாம் ஸ்தலம், சேசுநாதர் உயிர் விடுகிற இடம், எல்லோரும் முழங்காலில். சத்தமே இல்லை. அப்போது இடது பக்கம், மூடின துணிக்கு உள்ளே, டங்கென்று ஒன்று விழுந்தது. முன் வரிசைப் பெண்கள் எழுந்தே விட்டார்கள். சுவாமியார் நிறுத்தாமல் செபத்தைச் சொன்னார்.

முடிந்ததும் மேர் என்னைக் கூப்பிட்டு, தையலைப் பிரித்துப் பார் என்றார்கள். மாதாவுக்கு உடுப்பு மாற்றும்போதும் மூடி திறக்கும்போதும் ஆண்பிள்ளைகள் பார்க்கக்கூடாது, வழக்கம். இஞ்ஞாசி மாமா விளக்கை வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றார். மேர் துணியைத் தாங்கிக்கொண்டார்கள்.

தையல் என் தையல்தான். ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை. பிரித்தேன். காலடியில் மூன்றாவது கத்தி.

முடி பின்னியிருந்தது.

ஒற்றைப் பின்னல், முதுகோடு. நான் விரித்து விட்டேன். ஆறாம் தேதி எழுதினதை வந்து திருப்பிப் பார்த்தேன். எழுதியிருக்கிறது, இரண்டு தோளிலும் விரித்து விட்டேன் என்று.

பின்னல் மட்டும் என்றால் யாரோ என்று இருந்துவிடுவேன். ரோசு இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியும் மாறவில்லை. பின்னும்போது புரியை மேலே போடமாட்டாள், கீழே விட்டு எடுப்பாள். அவள் பின்னல் எல்லோர் பின்னலுக்கும் தலைகீழ். இது அந்தப் பின்னல். நுனியில் நூல் கட்டவில்லை, முடியையே சுற்றி முடிந்திருந்தது. ரிப்பன் தொலைத்த நாளில் அவள் அப்படித்தான் செய்வாள்.

நீங்களா பின்னினீர்கள் என்று மேரைக் கேட்டேன். இல்லை, நீதானே மூடினாய் என்றார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, மறந்துபோயிருப்பாய் தெரேஸ் என்றார்கள்.

மறந்திருப்பேனா. என் கைக்கு அப்படிப் பின்ன வராதே. வீட்டுக்கு வந்து கயிற்றில் பின்னிப் பார்த்தேன். வரவில்லை.

கத்தியை வெள்ளிக்கிழமை உடுப்பு மாற்றும்போது வைத்துக்கொள்ளலாம் என்றார் இஞ்ஞாசி மாமா. முதுகைத் திருப்பாமலேயே. மறுபடி மூடித் தைத்தேன்.


ஏப்ரல் 18, பெரிய வியாழன்

வீடு மெழுகினேன். மணி அடிப்பது நின்றுவிட்டது. வெள்ளி முடிந்து சனி வரைக்கும் மரக்கட்டைதான், கடகடவென்று. அந்தச் சத்தம் கேட்டால் பல் கூசும்.

சாப்பிடவில்லை. பசியும் இல்லை. அவளைத் தேடக்கூடாது என்று வேலையாகவே இருந்தேன். முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருமுறைகூட.


ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

காலை வெயில் வெள்ளையாக. தெருவில் ஒருவரும் இரைந்து பேசவில்லை.

உடுப்பு மாற்ற என்னையும் மேரையும் வைத்திருந்தார்கள். பீடத்தைச் சுற்றி வெள்ளைத் திரை. மேர் கறுப்பு முக்காட்டை எடுத்துவர மடத்துக்குப் போனார்கள், மறந்துவிட்டார்களாம். மறக்கிற ஆளில்லை.

திரைக்கு வெளியே இஞ்ஞாசி மாமா. உருக்கின மெழுகைக் கொட்டாங்குச்சியில் எடுத்து, முதுகைக் காட்டியபடியே திரைக்குக் கீழே நகர்த்தினார். கத்தியும் பக்கத்தில்.

"வைக்க வேண்டியத வச்சிட்டு மெழுவ ஊத்தும்மா. சூடு ஆறுறதுக்குள்ள."

கத்தியை என்று நினைத்தேன். மூன்றாவது கத்தியின் ஓட்டையில் பழைய மெழுகைச் சுரண்டினேன். உள்ளே போகிறது. கட்டை விரல் அளவுக்கு ஓட்டை, ஆனால் உள்ளே ஆழம். இருதயம் குடைந்திருக்கிறது. சுண்டுவிரலை விட்டேன்.

மெத்தென்று ஒன்று தட்டிற்று. இழுத்தேன், கொஞ்சம் வெளியே வந்தது. முடி. சுருட்டி, சிவப்பு நூலால் கட்டின முடி. செம்பட்டை, காய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று, மிக மெல்லிசு, பால்குடிப் பிள்ளை முடி. அதற்கும் பின்னால் இருந்தது. நான் இழுக்கவில்லை. இருந்தபடியே தள்ளி விட்டேன்.

பயம் என்று சொல்லத் தெரியவில்லை. மூடின அறையைத் திறந்தால் உள்ளே பத்துப் பேர் பேசாமல் உட்கார்ந்திருந்த மாதிரி. இத்தனை பேர் தேடியிருக்கிறார்கள். தேடிவிட்டு இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், கண்டுபிடிக்கிற கத்திக்குள்ளே.

திருப்பி வாங்கவும் இல்லை. நெருப்புக்கும் இல்லை. கொடுத்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே.

பின்னலை எடுத்தேன். நுனியை, அந்த முடிச்சோடு, கத்தரித்தேன். சுருட்டினேன். பிரியவில்லை. உள்ளே வைத்து விரலால் தள்ளினேன். இடம் இருந்தது. இன்னும்கூட இருந்தது.

மெழுகு. கத்தி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆறுகிற வரைக்கும். அந்த நேரம் முதுகில், ஜாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு விரல் பட்டது. நான் திரும்பவில்லை.

மேர் முக்காட்டோடு வந்தபோது மிச்ச முடியைப் பிரித்துச் சீவிக்கொண்டிருந்தேன். விரல் பட்டபோது மேர் திரைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள், கை எட்டாது.

சாயங்காலம் சுற்றுப்பிரகாரம். முன்னால் தூம்பாப் பெட்டியில் கிடத்தின செத்த சேசுநாதர், பின்னால் வி. மாதா. கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் தூக்கினவர்களில் ஒருவர் கால் இடறிற்று. சுரூபம் சாய்ந்து நிமிர்ந்தது. பெண்கள் ஐயோ என்றார்கள். ஆறு கத்தி ஆடிற்று. ஒன்று ஆடவில்லை.

பெண்கள் முடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். மதாம் செலின் தடுக்கவில்லை.


ஏப்ரல் 20, சனி

புழுக்கம். மேகம், மழை இல்லை.

காலையில் அவர் கேட்டார்.

"முடி?"

"இன்னிக்கி நெருப்புல."

"முழுசுமா?"

"முழுசும் இல்ல."

எங்கே என்று கேட்பார் என்றிருந்தேன். கேட்கவில்லை. பழைய சோறு இரண்டு கை கூடவே வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் கோயில். மேர் பழைய முடியைத் தைத்த துணியோடு கழற்றிவிட்டார்கள், கூடையில் பழைய பஞ்சு, போன வருஷக் குருத்தோலை, அதன் மேல் அது. பார்த்தேன். பார்க்க முடிந்தது. மதாம் செலின் மருமகள் முடியைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். உன் கைதான் நேர்த்தி, நீயே தைத்துக் கொடு என்றார். சரி என்றேன். கனமான முடி, விளக்கெண்ணெய் வாசனை. அந்தப் பெண் நன்றாயிருக்கட்டும், பிள்ளையும்.

தைத்து வைத்ததும் மதாம் கிட்ட வந்து பார்த்தார். முடியைப் பார்க்கவில்லை. இருதயத்தில் கையை வைத்தார், மூன்றாவது கத்தியைப் பிடித்து லேசாக ஆட்டினார். அசையவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"நான் வச்சப்பகூடக் கொஞ்சம் ஆடிச்சி" என்றார்.

வெளியே இஞ்ஞாசி மாமா விறகு அடுக்குகிற சத்தம்.